எடுக்கக் கூடாத அழைப்பு

கப்பலில் வேலை செய்த காலத்தில் என் போனுக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது: அடித்தால் எடுக்கக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான்தான். அதை முதலில் சொல்லாமல் மேலே போனால், மற்றவர்கள் மேல் மட்டும் பழி போட்டதாகிவிடும்.

தொண்ணூறுகளில் பண்டாரவளையில் ஒரு ஹோட்டலில் அறைகளைத் துப்புரவு செய்கிற வேலையில் எட்டு வருடம் இருந்தேன். கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகவும், துவாயை அன்னமாகவும் யானையாகவும் மடிக்கவும் அங்கேதான் பழகினேன். அங்கே தங்க வந்த ஒருவர் வழி காட்ட, கொழும்பு ஏஜென்சி ஒன்றின் மூலம் உல்லாசக் கப்பலில் வேலை கிடைத்தது. ஒன்பது மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. வீடு என்றால் பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு காம்பரா. ஒரு அறை, ஒரு குசினி. அதில் அம்மா, என் மனைவி, எங்கள் மகள். அடுத்த லயத்தில் அக்காவும் அவள் கணவரும். மச்சான் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். தோட்டத்து நிர்வாகியான துரையிடம் பேசுவதிலிருந்து புருஷன் பெண்டாட்டிச் சண்டை வரை எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லிப் பழகியவர்.

முதல் சில ஒப்பந்தங்களின்போது லயத்தில் யாரிடமும் போன் இல்லை. துறைமுகத்தில் இறங்கினால் கார்ட் வாங்கி, பதுளை டவுனில் மனைவி வேலை செய்த துணிக்கடைக்குப் பேசுவேன். கடை முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். "புள்ள, கப்பல்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். அவள் ஓடி வருவது எனக்குக் கேட்கும். சுற்றி ஆட்கள் துணி பார்த்துக்கொண்டு நிற்க, அவள் "ம், ம்" என்று மட்டும் சொல்வாள்.

பிறகு கைத்தொலைபேசிகள் மலைக்கும் ஏறி வந்தன. இரண்டாயிரங்களின் நடுவில், நான் மறுபடி புறப்படும்போது, வீட்டில் ஒன்று வாங்கி வைத்தேன். எனக்கும் ஒன்று வாங்கி ரோமிங் போட்டுக்கொண்டேன்.

ரோமிங் என்ன செய்யும் என்பதைப் பயணிகளைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். கப்பல் துறைமுகத்தை விட்டு விலகியதும் கரையின் சிக்னல் போய்விடும். அதற்குப் பிறகு போனில் தெரிவது கப்பலின் சொந்தச் சிக்னல். வானத்துக்குப் போய்த் திரும்பி வருகிற அந்தச் சிக்னலுக்குக் கட்டணம் தலையைச் சுற்றும். நாம் கூப்பிட்டால்தான் காசு என்றில்லை, வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு. நான் பார்த்துக்கொண்ட அறை ஒன்றில் தனியாகப் பயணம் வந்த வயதான அம்மாள் ஒருவர் இருந்தார். பேரக் குழந்தை பாடுவதை மேல்தட்டில் நின்றபடி போனில் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்துக் கட்டணம் பற்றிய செய்தி வந்து, வரவேற்பு மேசை முன்னால் நின்று அழுதார். அதன் பிறகு கப்பல் புறப்படும் நாளில் என் அறைப் பயணிகளிடம் நானே சொல்வேன்: போனை அணைத்துவையுங்கள், குரல் செய்திப் பெட்டியை நிறுத்திவையுங்கள், பேச வேண்டுமானால் துறைமுகத்தில் இறங்கிக் கார்ட் போட்டுப் பேசுங்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் நானும் செய்தேன். ஒன்று மட்டும் கூடுதல். அடிக்கிற போனை எடுக்காமல் விட்டால் யாருக்கும் காசு இல்லை. அதை வைத்து ஒரு ஏற்பாடு செய்தேன்.

ஊரில் பின்னேரம் ஆறு மணிக்கு வீட்டிலிருந்து ஒரு மிஸ்ட் கோல் வர வேண்டும். ஒரு தரம் அடித்து நின்றால் எல்லோரும் சுகம். விட்டு விட்டு மூன்று முறை அடித்தால் அவசரம். நான் எப்பாடுபட்டாவது பேசுவேன். அந்த மூன்றுக்காகவே பிரிக்காத கார்ட் ஒன்றை எப்போதும் பர்சில் வைத்திருந்தேன். புறப்படும் முன்பு அம்மா, மனைவி, அக்கா, மச்சான் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன்.

"மூணு அடிச்சா மட்டும்தான் அவசரம். மத்தபடி எவ்வளவு நேரம் அடிச்சாலும் நான் எடுக்க மாட்டேன். வீணா அடிச்சுக்கிட்டு இருக்காதீங்க."

"ஒரு தடவ அடிக்கிறத நான் பாத்துக்கிறேன்" என்றார் அம்மா. "அது என் வேல."

அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். முப்பத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்த விரல்கள். நுனி காய்ப்பேறிச் சின்ன பட்டன்களை உணராது. பச்சைப் பட்டனை இரண்டு தரம் அமுக்கினால் கடைசியாகக் கூப்பிட்ட நம்பருக்கே போகும் என்று மனைவி சொல்லிக் கொடுத்தாள். அதன் பிறகு வீட்டுப் போனிலிருந்து வேறு யாருக்கும் பேச அம்மா விடவில்லை. அக்கா ஒருமுறை ஹாலிஎலயில் உள்ள நாத்தனாருக்குப் பேசக் கேட்டபோது, "நம்பர் மாறிப்போயிரும்" என்று போனை மடியில் செருகிக்கொண்டாராம். எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. மேலே கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் படியில் நின்றால் கிடைக்கும். மழையானாலும் வெயிலானாலும் ஐந்தே முக்காலுக்கு அம்மா அங்கே ஏறிவிடுவார்.

ஊரில் ஆறு என்றால் மத்தியதரைக்கடலில் எங்களுக்குப் பகல் இரண்டரை. காலை அறைகள் முடிந்து, மாலை அறைகள் தொடங்காத நேரம். கப்பல் ஊழியர்களின் படுக்கை அறைகள் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. அங்கே சிக்னல் வராது. ஏழாம் தட்டில் விரிப்புகள் அடுக்குகிற சின்ன அறையில், துவாய்களுக்கு நடுவில் போனை வைத்திருப்பேன். அம்மாவின் ஒரு அடி ஒருநாளும் ஒரு அடியாக இருந்ததில்லை. ஒரே அழைப்பிலேயே இரண்டு அடிக்கும், மூன்று அடிக்கும். சிவப்புப் பட்டனைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று தெரியும். சில நாள் நானே இங்கிருந்து துண்டிப்பேன். பதினைந்து நாளுக்கொரு முறை துறைமுகத்திலிருந்து கார்ட் போட்டுப் பேசுவேன். "நல்லா இருக்கியாப்பா, சாப்பிடு, காசு போகுது வச்சிரு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மனைவியிடம் போனைக் கொடுத்துவிடுவார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் போன் நிற்காமல் அடித்தது. ஆறு மணிகூட ஆகியிருக்கவில்லை. நான் ஒரு அறையில் குளியல் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்துப் போன் சட்டைப்பையில் இருந்தது. நடுங்கிக்கொண்டே இருந்தது. கையில் நுரை. ஒரே அழைப்புதான், விட்டு விட்டு மூன்று அல்ல. அம்மா துண்டிக்க மறந்துவிட்டார் என்று நினைத்தேன். முழங்கையால் கதவைச் சாத்திவிட்டு, கையைத் துடைத்து, சிவப்புப் பட்டனை அமுக்கினேன். எரிச்சல் கூட வந்தது. எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தாலும் இப்படித்தான் என்று.

மறுநாள் அழைப்பே இல்லை, மலையில் சிக்னல் போயிருக்கும் என்று விட்டேன். அதற்கடுத்த நாள், ஆறு மணிக்குச் சரியாக ஒரே ஒரு அடி. அடுத்த நாளும் ஒரு அடி. அதற்கடுத்த நாளும். ஒழுங்காக, அளவாக, எண்ணி வைத்தது போல. அம்மா பழகிவிட்டார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. என்னோடு ஒரே அறையில் படுத்த கோவாக்காரரிடம் இதைச் சொன்னேன். "எழுபதை நெருங்குகிறவர், கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவர், போனைப் படித்துவிட்டார்" என்றேன். அவர் தலையாட்டினார்.

துறைமுகத்திலிருந்து பேசும்போது அம்மா கிடைக்கவில்லை. மனைவிதான் பேசினாள்.

"அம்மா எங்க?"

"கோயிலுக்குப் போயிருக்காங்க."

அடுத்த முறை, "போனக் காதுல வச்சா மண்ட இடிக்குதாம், வேணாங்கிறாங்க." அதற்கடுத்த முறை, "நமுனுகுலக்குப் போயிருக்காங்க, எங்கம்மாவோட ரெண்டு நாள் இருந்துட்டு வருவாங்க." அன்றைக்கும் ஆறு மணிக்கு மிஸ்ட் கோல் வந்தது. அம்மா நமுனுகுலயில் இருந்தால் மடுவத்துப் படியில் நின்று அடித்தது யார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மூன்று அடிக்கவில்லை, அதனால் எல்லாம் சுகம். என் சட்டத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஐப்பசி வாக்கில் மத்தியதரைக்கடல் பருவம் முடிந்து, கப்பல் அட்லாண்டிக்கைத் தாண்டிக் கரீபியனுக்குப் புறப்பட்டது. ஏழு நாள் எங்கும் கரை இல்லை. பார்சிலோனாவில் புதிய ஊழியர்கள் சிலர் ஏறினார்கள். மறுநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில், ஊழியர் சாப்பாட்டு அறையில், தமிழ்ச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். சமையல் கட்டுக்கு வந்தவர், ஹாலிஎலக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தட்டை எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"தம்பி பதுளைப் பக்கமா?"

"ஸ்பிரிங்வெளிங்க. மேல் பிரிவு."

"அங்க தோட்டத் தலைவர் எனக்குத் தூரத்துச் சொந்தம்."

"என் மச்சான்தாங்க. அக்கா வீட்டுக்காரர்."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "அப்ப நீங்கதான் அந்தக் கப்பல்ல இருக்க மகனா? அம்மா சாவுக்கு நான் வந்திருந்தேன் தம்பி. பாவம், உங்களுக்குத்தான் வர முடியாமப் போச்சுன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. மச்சான்தான் முன்ன நின்னு எல்லாம் செஞ்சாரு. நல்ல கூட்டம்."

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் முன்னால், பெற்ற தாய் செத்தது தெரியாத மகனாக உட்கார்ந்திருக்க வெட்கமாக இருந்திருக்கலாம்.

"எப்பன்னு சரியா ஞாபகம் இருக்காங்க?" என்று கேட்டேன்.

"ஆடி மாசம். முதல் வெள்ளிக்கு மறுநாள் அடக்கம்."

எழுந்து தட்டைக் கழுவி வைத்தேன். ஏழாம் தட்டுக்கு ஏறினேன். விரிப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, துவாய்களுக்கு நடுவிலிருந்து போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கப்பல் மேற்கே போகப்போக நேரம் பின்னால் போகும். அன்றைக்கு ஊர் ஆறு மணி எங்களுக்கு ஒன்றரை. அதற்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அந்த இருபது நிமிடத்தில் நான் அழவில்லை. ஹாலிஎலக்காரர் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசியிருப்பார் என்று ஒரு கணம் தோன்றும். அடுத்த கணம், அளவாக அடித்த அந்த ஒற்றை அடிகள் நினைவுக்கு வரும். என் அம்மாவுக்கு அவ்வளவு அளவாக அடிக்க வராது.

போன் அடித்தது. முதல் அடியிலேயே எடுத்தேன்.

மறுபக்கம் காற்றுச் சத்தம். பிறகு மனைவியின் குரல், பதறிப்போய். "ஏங்க, ஏன் எடுத்தீங்க? காசு போகுமே."

"அம்மாகிட்ட குடு."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இது அம்மா அடிக்கிற நேரம். அம்மாகிட்ட குடு."

"அம்மா இப்பதான் கோயிலுக்கு…"

"அம்மா செத்து எத்தன நாளாச்சு?"

அவள் அழத் தொடங்கினாள். அழுகைக்கு நடுவில் "அண்ணன்தான் வேணாம்னாரு" என்றாள். அண்ணன் என்று அவள் சொன்னது மச்சானை. "நான் சொல்றேங்க, எல்லாம் சொல்றேன், கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க."

"அடக்கம் பண்ணின அன்னிக்கும் நீதான் அடிச்சியா?"

"ஆமாங்க."

"எத்தன மணிக்கு?"

"ஆறு மணிக்கு. எல்லாரும் மயானத்துலருந்து வந்து குளிச்சுக்கிட்டு இருந்தாங்க. நீங்க பாத்துக்கிட்டு இருப்பீங்கன்னு…"

அத்தோடு நின்றது. மீதிப் பணம் தீர்ந்துவிட்டது என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியில் சொன்னது. தமிழில் சொன்னதையும் கேட்டேன். போனைத் துவாய்களின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அன்று சாயந்தரம் பதினாறு அறைகள் செய்தேன். ஒரு அறையில் விரிப்பைச் செருகிக்கொண்டிருந்தபோதுதான் அழுகை வந்தது. பயணி உள்ளே வரும் சத்தம் கேட்டு முகத்தைத் தலையணை உறையில் துடைத்துக்கொண்டு, அந்த உறையை மாற்றினேன்.

மறுநாள் அதே நேரத்துக்குப் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. நின்றது. மூன்றாம் முறையும் அடித்தது. என் அம்மா சாகக் கிடந்தபோது அடிக்காத மூன்று. பர்சில் கார்ட் இருந்தது, கரை இல்லை. கப்பலின் போனில் பேச அனுமதி கேட்டிருக்கலாம். மேற்பார்வையாளர் இரக்கமுள்ள ஆள். கேட்கவில்லை. அங்கே அவள் மடுவத்துப் படியில் காத்து நிற்கட்டும் என்றே விட்டேன். அதற்குப் பிறகு அவள் அடிக்கவில்லை. வீடு என்று ஒன்று இல்லாததுபோல ஐந்து நாள் போனது.

கரீபியன் துறைமுகத்தில் இறங்கியதும் கார்டைப் பிரித்தேன். அங்கே காலை, ஊரில் இரவுச் சாப்பாட்டு நேரம். அன்றைக்குக் கப்பல் கரையடையும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததால், எல்லோரும் மடுவத்தில் காத்திருந்தார்கள். மச்சான்தான் எடுத்தார்.

"மாப்புள, யாரையும் திட்டாத. முடிவு எடுத்தது நான்."

"நீங்க யாரு மச்சான் அத முடிவு எடுக்க?"

"நல்லாக் கேளு. காய்ச்சல்னு வியாழக்கிழம கொண்டுபோய்ச் சேத்தோம். எலிக்காய்ச்சல்னாங்க. மறுநாள் காலையில முடிஞ்சுபோச்சு. உனக்குச் சொல்லியிருந்தா நீ வேலைய உதறிட்டு வந்திருப்ப. வந்தாலும் பொணத்தப் பாத்திருக்க முடியாது. ஏஜென்சிக்காரன் உன்னத் திரும்ப எடுத்திருக்க மாட்டான். அப்பறம் என்ன செய்வ? மறுபடி லயந்தானா? அந்தப் புள்ளையோட படிப்பு?"

தோட்டக் கூட்டத்தில் பேசுகிற அதே குரல். ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொல்வது எனக்குத் தெரிந்தது.

"அம்மா என்னக் கேட்டாங்களா?"

போன் கை மாறியது. மனைவி பேசினாள்.

"கேட்டாங்க" என்றாள். "ஆஸ்பத்திரில, வியாழக்கிழம பின்னேரம். போன எடு, நான் அவனுக்கு அடிக்கணும்னாங்க. இன்னும் ஆறு ஆகலம்மான்னேன். கேக்கல. கையில குடுத்தேன். அவங்கதான் அமுக்கினாங்க. நிறுத்தச் சொன்னேன், நிறுத்தல. அவன் எடுப்பான், அவன் எடுப்பான்னு வச்சிருந்தாங்க. நீங்க வெட்டி விட்டுட்டீங்க."

நான் தொலைபேசிக் கூண்டின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன்.

"வெட்டினதும் சிரிச்சாங்க" என்றாள். "காசு போகும்னு வெட்டிட்டான், கெட்டிக்காரன்னாங்க."

"அப்பறம் ஏன் மூணு அடிக்கல?" என்று கேட்டேன். "அதுக்குத்தானே சொல்லி வச்சேன். ஏன் அடிக்கல?"

"அண்ணன் போன வாங்கி வச்சுக்கிட்டாரு. விடிஞ்சதும் பாக்கலாம்னாரு. விடிஞ்சதும்…" மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அதுக்கப்பறம் எனக்குத் தைரியம் வரல. ஒருநாள் அடிச்சிட்டேன், அடுத்த நாள் அடிக்காம விட்டா நீங்க பயந்துருவீங்க. அப்படியே போயிருச்சு."

அந்த வார்த்தைதான் என்னை அதிகமாகச் சுட்டது. அப்படியே போயிருச்சு. மூன்றரை மாதம், ஒவ்வொரு நாளும், துணிக்கடையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, மடுவத்துக்கு ஏறி, செத்துப்போன என் அம்மாவின் போனால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள். மச்சான் ஒருமுறை முடிவெடுத்தார். அவள் நூறு முறை எடுத்தாள். அவள் நூறு முறை ஏறியதில் அன்பு இருந்தது என்று பின்னால் பலர் சொன்னார்கள். இருந்திருக்கலாம். அன்பாகச் செய்தாலும் ஏமாற்றியது ஏமாற்றியதுதான்.

அவர்கள் கணக்குப் போட்டது போலவே நான் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டுதான் ஊருக்கு வந்தேன். அது எனக்கு இன்றைக்கும் அவமானம். தெரிந்த பிறகாவது இறங்கி வந்திருக்கலாம். வரவில்லை. நாலு மாதம் துவாய் மடித்துக்கொண்டு அங்கேயே இருந்தேன்.

மாசியில் வந்தேன். பதுளையில் ரயிலை விட்டு இறங்கியபோது மச்சான் வந்து நின்றார். பெட்டியை வாங்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அவர் பின்னால் நடந்து வந்தார். தோட்டத்து மயானத்தில் அம்மாவைப் புதைத்த இடத்தை அக்கா காட்டினாள். புல் முளைத்து விட்டிருந்தது. இரண்டு மூன்று மேடுகள் ஒன்றுபோல இருந்தன. "இதுதான்னு நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டேன். அக்கா மச்சானைப் பார்த்தாள். அவர் ஒரு மேட்டைக் காட்டினார். அந்த ஆள் காட்டுகிற இடத்தைத்தான் நம்பியாக வேண்டும் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. மண்ணள்ளிப் போட்டவர் அவர். மொட்டை அடித்துக்கொண்டவர் அவர். என் தலைமுடி அப்படியே இருந்தது.

மனைவியோடு ஒரு மாதம் பேசவில்லை. ஒரே காம்பராவில் பேசாமல் இருப்பது எப்படி என்று லயத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். சாப்பாட்டை வைப்பாள், சாப்பிடுவேன். மகள்தான் இரண்டு பேருக்கும் நடுவில் செய்தி கொண்டுபோவாள். ஒருநாள் மகள் பள்ளிக்கூடத்தில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள். மனைவி மருந்து கட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "மத்தியானம் ரெண்டரைக்கு விழுந்துட்டா, எலும்புக்கு ஒன்னுமில்ல, மூணு நாள்ல ஆறும்னாங்க" என்று அறிக்கை வாசிப்பதுபோல ஒன்றையும் விடாமல் ஒப்பித்தாள். அன்றைக்குத்தான் அவளோடு பேசினேன். ஆனால் அதன் பிறகும், அவள் "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றால், யார் யார் என்று பேர் பேராகக் கேட்பேன். அவளும் பேர் பேராகச் சொல்வாள். அதில் இரண்டு பேருக்கும் களைப்பு.

கப்பலுக்கு மறுபடி போகவில்லை. எல்ல என்கிற ஊர்ப் பக்கம் ஒரு விடுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். மச்சான் நாலைந்து முறை வந்து பேசிப் பார்த்தார். "உன் நல்லதுக்குத்தான் மாப்புள." நான் தேத்தண்ணி கொடுத்து அனுப்புவேன். அவ்வளவுதான்.

இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு புரட்டாசியில், பகல் பதினொரு மணிக்கு, நமுனுகுலயிலிருந்து மனைவியின் தம்பி கூப்பிட்டான். மாமனாருக்கு முடியவில்லை, மூச்சு இழுக்கிறது, அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எனக்குச் சொல்வதாகச் சொன்னான். "மெதுவாச் சொல்லுங்க. ஒன்னுமில்ல, சும்மா வரச் சொன்னாங்கன்னு சொல்லிக் கூட்டிட்டு வாங்க" என்றான்.

நான் மெதுவாகச் சொல்லவில்லை. துணிக்கடைக்கே கூப்பிட்டேன். அவள் வந்து "சொல்லுங்க" என்றதும், "உங்கப்பா சாகக் கெடக்குறாரு. இப்பவே பொறப்படு" என்றேன். மறுபக்கம் ஏதோ விழும் சத்தம் கேட்டது. பிறகு முதலாளியின் குரல்.

"தம்பி, புள்ள கீழ விழுந்துட்டுது. ஒரு பொம்பளைக்கிட்ட இப்படியா செய்தி சொல்றது? கூட ஆள் யாரும் இருக்கான்னு பாத்தீங்களா?"

"ஒளிச்சுச் சொல்ல எனக்கு வராது முதலாளி" என்றேன். சொல்லும்போதே, இது நேர்மையா, இத்தனை நாள் மனசுக்குள் வைத்திருந்ததைத் தீர்த்துக்கொள்கிறேனா என்று ஒரு சந்தேகம் வந்தது.

முதலாளி தன் வேனிலேயே அவளை அனுப்பினார். நான் எல்லயிலிருந்து பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. மாமனாருக்கு உயிர் இருந்தது. அவள் போய்ச் சேர்ந்ததும் கண்ணைத் திறந்து அவள் பேரைச் சொன்னாராம். அவளை எதற்காகவோ சின்ன வயதில் அடித்ததைச் சொல்லி, "வலிச்சுச்சா" என்று கேட்டாராம். பாலை அவளே ஊற்றினாள். அவள் கையைப் பிடித்தபடியே அவர் போனார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்காக எனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதினால் பொய். பொறாமையாக இருந்தது. அவ்வளவு பொறாமை நான் யார் மேலும் பட்டதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள். முழங்கையில் கடையில் விழுந்தபோது சிராய்த்த காயம் இருந்தது.

"நீங்க உடனே சொன்னதாலதான் பாக்க முடிஞ்சுது" என்றாள்.

அடுத்து அவள் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியும். பந்தலுக்குக் கம்பு கொண்டுவந்தவர்கள் கீழே படியில் ஏற முடியாமல் நின்றார்கள். நான் ஒரு முனையைப் பிடிக்க இறங்கினேன்.